காலடியில் ஒரு கணக்கு

தாப்பாவிலிருந்து வளைந்து நெளிந்து மேலேறும் மலைச்சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் ரிங்லெட் வரும். கேமரன் மலையில் அவ்வழியே நுழைவோரை வரவேற்கும் முதல் பட்டணம் அதுவே. அதனை அடுத்த ஹபு பகுதியில்தான் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் உழைக்க வந்தவர்களுள் தமிழர்கள் பலர்.

தோட்டப்புற வீடு வேலையோடு சேர்ந்து வருவது. ஓய்வு பெறும்போது, பல குடும்பங்கள் அவ்வீட்டை விட்டு வெளியேற வேண்டியுள்ளது. ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்தைக் கொண்டு ஒரு மலிவுவிலை வீட்டை வாங்கும் குடும்பம், அதன் தரைக்கு என்ன போடுவது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். ஒருமுறை தவறாகச் செலவழித்தால், மறுமுறை செலவழிக்கப் பணம் இருக்காது. ஆகவே, தரையைத் தேர்ந்தெடுப்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. அது வாழ்க்கைக் கணக்கும் ஆகும்.

கடையில் மிகவும் மலிவாகக் கிடைப்பது சுருளாக விற்கப்படும் வினைல் விரிப்பு. வீட்டாரே அதனை வெட்டி விரித்துவிடலாம், கூலி இல்லை. ஆனால், ஈரம் மிகுந்த மலைப்பகுதியில் விரிப்பின் அடியில் நீர் கசிந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மேசை, நாற்காலிகளை இழுத்தால் கிழியும்.

பத்து சதுர மீட்டர் அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வினைல் விரிப்புக்கு 200 ரிங்கிட் செலவாகிறது என்றும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டுகளில் ஆறு முறை வாங்க வேண்டும். மொத்தச் செலவு 1,200 ரிங்கிட். பீங்கான் ஓடு பதிக்கக் கூலியோடு 900 ரிங்கிட் ஆகி, அது முப்பது ஆண்டுகள் உழைத்தால், ஆண்டுக்கு 30 ரிங்கிட்தான். வினைலுக்கோ ஆண்டுக்கு 40 ரிங்கிட். இவ்வெண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. விலை கடைக்குக் கடை மாறும். கணக்கிடும் முறை மாறாது. விலையை, அப்பொருள் உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். எனினும், 900 ரிங்கிட்டை ஒரே நேரத்தில் கொடுக்க இயலாத குடும்பம் 200 ரிங்கிட் விரிப்பையே வாங்கும். கையில் பணம் இல்லாதவரே இறுதியில் அதிகம் செலவழிக்க நேர்வதும் உண்டு.

விலைச்சீட்டில் எழுதப்படாத செலவு மற்றொன்றும் உள்ளது. அதனைச் சுற்றுச்சூழல் செலுத்துகிறது. வினைல் என்பது நெகிழி வகையைச் சேர்ந்தது. கிழிந்த விரிப்பை எரித்தால் நச்சுப்புகை வெளியாகும். ஆற்றோரம் வீசினால் அது மழைநீரோடு அடித்துச் செல்லப்படும். ரிங்லெட்டில் 1963ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம், மேட்டிலிருந்து வரும் வண்டலாலும் குப்பையாலும் ஏற்கெனவே திணறி வருகிறது. அதனைத் தூர்வாரப் பெரும்பொருள் செலவாகிறது.

அப்படியானால் ஓடும் சிமெண்டும் குற்றமற்றவையா? பீங்கான் ஓட்டை ஆயிரம் பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுட வேண்டும். அதற்கு எரிபொருள் ஏராளமாகத் தேவை. சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை வரை சூடாக்குகிறார்கள். அப்போது எரிபொருளிலிருந்து மட்டுமல்லாமல் அந்தக் கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளியேறுகிறது. மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலைச் சார்ந்தது. மேலும், கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் வெறும் கற்குவியல்கள் அல்ல. ஈப்போவுக்கு வடக்கே உள்ள காந்தான் குன்றில், உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு சிலந்தி இனம் வாழ்கிறது. குன்றை உடைத்துவிட்டால் அதனை மீண்டும் எழுப்ப இயலாது.

மரத்தரைக்கு வேறொரு சிறப்பு உண்டு. குளிர்ந்த காலையில் ஓட்டின்மீது கால் வைத்தால் சில்லென்றிருக்கும். பலகையின்மீது அவ்வாறு இருக்காது. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். ஆனால், ஓடு பாதத்தின் சூட்டை விரைவாக ஈர்த்துக்கொள்கிறது. மரம் மெதுவாகவே ஈர்க்கிறது. முதியோரும் குழந்தைகளும் வாழும் மலை வீட்டில் இது சிறிய வேறுபாடு அன்று. செங்கால் போன்ற வன்மரம் பல தலைமுறைகளுக்கு உழைக்கும். ஆனால், அது மெதுவாக வளர்வது. விலையும் மிக அதிகம். இரப்பர் மரமோ 25 முதல் 30 ஆண்டுகள் பால் கொடுத்த பிறகு வெட்டப்படுவது. முற்காலத்தில் அது பெரும்பாலும் விறகாயிற்று. இன்று மருந்திட்டுப் பதப்படுத்தி, நாற்காலியாகவும் தரைப்பலகையாகவும் ஆக்குகிறார்கள். மலேசியத் தமிழரின் முன்னோர் பால்வெட்டிய மரமே வீட்டுக்குள் மீண்டும் பயன்படுகிறது. ஆயினும், நீர் புழங்கும் சமையலறைக்கும் குளியலறைக்கும் அது ஏற்றதன்று.

ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். தமிழ்நாட்டின் காரைக்குடிக்கு அருகில் செய்யப்படும் ஆத்தங்குடிக் கற்களைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, நீரில் ஊறவைத்து, உலர்த்துகிறார்கள். செட்டிநாட்டு வீட்டுக்கு அது சிக்கனமான தரை. அதே கல்லைக் கப்பலிலும் கனவுந்திலும் ஏற்றி ரிங்லெட் வரை கொண்டுவந்தால் அச்சிக்கனம் வழியிலேயே கரைந்துவிடும்.

ஆகவே, எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே தரை என்று எதுவும் இல்லை. தரைப் பொருளை வாங்கும் முன்னர் நான்கு கேள்விகளைக் கேட்பது நன்று. அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும்? எதனை அழித்து உருவானது? எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தது? பயன் முடிந்தபின் எங்கே போய்ச் சேரும்?

இக்கேள்விகளுக்கு விடை காண்போர், பெரும்பாலும் ஐந்தாவது கேள்வி ஒன்றையும் கேட்பார்கள்: புதிய தரை தேவைதானா? பல மலிவுவிலை வீடுகளில் சிமெண்டுத் தரை முன்பே போடப்பட்டிருக்கும். அதற்கான சுண்ணாம்புக்கல் எடுக்கப்பட்டுவிட்டது, புகையும் வெளியேறிவிட்டது. வெடிப்பை அடைத்து, மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றினால் அத்தரை இன்னும் பல்லாண்டு உழைக்கும். குளிருக்குப் படுக்கையறையில் மட்டும் பலகையோ பாயோ போதும். மிச்சப்படும் சேமநிதிப் பணம் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவும். புதிதாக ஒரு குன்றை உடைக்கவோ ஒரு மரத்தை வெட்டவோ தேவையும் இராது.