எதைப் பார்ப்பது, எதை விடுவது?

(கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு பாடம்)

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், கைப்பேசியில் சண்டைப் படம் பார்த்துக்கொண்டிருந்த மகனைக் கடிந்துகொண்டேன். அவன் நிமிர்ந்து, "நேத்து நீங்களும் அம்மாவும் பார்த்த சீரியல்ல மாமியார் மருமகளுக்கு விஷம் வெச்சாங்களே, அது பரவாயில்லையாப்பா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்தே இந்தப் பாடம் பிறந்தது.

நமது சிக்கல்

மும்பையில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பள்ளியில் ஆங்கிலம், இந்தி; தெருவில் மராத்தி. வீட்டுப் பேச்சை விட்டால், பிள்ளைகளின் காதில் தமிழ் விழுவது சினிமாவிலும் தொலைக்காட்சியிலும்தான். "எல்லாம் பாவம்" என்று மூடிவிட்டால் தமிழும் சேர்ந்து போய்விடும். "எல்லாம் பரவாயில்லை" என்று திறந்துவிட்டால் தமிழோடு வேறு பலவும் உள்ளே வந்துவிடும். எனவே தேர்ந்தெடுக்கக் கற்பதே வழி.

வேதம் காட்டும் அளவுகோல்

பிலிப்பி, மக்கெதோனியாவில் ரோமர்களின் குடியேற்ற நகரம். பல தெய்வ வழிபாடுகளின் நடுவே வாழ்ந்த அந்த ஊர்ச் சிறிய சபைக்குப் பவுல் காவலில் இருந்தபடி கடிதம் எழுதினார். பிலிப்பியர் 4:8ஐ வாசியுங்கள். உண்மை, மதிப்பு, நீதி, தூய்மை, அன்பு, நற்பெயர் ஆகியவற்றை மனத்தில் வைத்துச் சிந்திக்கச் சொல்கிறார். இது விலக்க வேண்டியவற்றின் பட்டியல் அல்ல, தேட வேண்டியவற்றின் பட்டியல்.

அதே பவுல் அத்தேனே நகரில் பேசும்போது கிரேக்கக் கவிஞர்களின் வரியை எடுத்தாண்டார் (அப்போஸ்தலர் 17:28). தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864), மக்கள் விரும்பிய குறவஞ்சி வடிவத்திலேயே 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். ஆகவே கலை நமக்குப் பகையல்ல.

சான்றிதழ் போதுமா?

திரைப்படச் சான்றிதழில் 'யு', 'யு.ஏ.', 'ஏ' என்னும் பிரிவுகளை அறிவோம். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி 'யு.ஏ.' பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாயிற்று. ஓ.டி.டி. தளங்களுக்கு 2021 முதலே இத்தகைய வயதுப் பிரிவுகள் உண்டு. 13+ மற்றும் அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் தரவேண்டும். அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இத்தகைய முன்சான்றிதழ் கிடையாது. மேலும் சான்றிதழ் சொல்வது வயதை மட்டுமே. அனுமதிக்கப்பட்டதெல்லாம் பயன் தராது என்பதை 1 கொரிந்தியர் 10:23 நினைவூட்டுகிறது.

நான்கு கேள்விகள்

1. இது உண்மையா? அடிக்கும் கதாநாயகனைக் காட்டுகிறார்கள். அடிபட்டவனின் வீட்டைக் காட்டுகிறார்களா?

2. யாரைத் தாழ்த்திச் சிரிக்கவைக்கிறது? கறுப்பு நிறத்தையா, உடற்குறையையா, மனைவியையா?

3. பார்த்து முடித்தபின் நம் பேச்சு எப்படி இருக்கிறது? வீட்டில் சந்தேகமும் எரிச்சலும் கூடினால் காரணம் யோசிக்க வேண்டும்.

4. எதன் நேரத்தை எடுத்துக்கொண்டது? தூக்கம், ஜெபம், சாப்பாட்டு நேரப் பேச்சு ஆகியவை முதலில் பறிபோகும்.

வீட்டில் நடந்தது

முதலில் தொடரை விட்டது நாங்கள்தான். ஒரு வாரம் கடினமாகவே இருந்தது. பிறகு சனிக்கிழமை இரவு ஒரே ஒரு தமிழ்ப் படம், எல்லோரும் சேர்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒருநாள் "நம்ம காலத்து நல்ல படம்" என்று நானே ஒரு பழைய நகைச்சுவைப் படத்தைப் போட்டேன். பாதியில் மகன், "திக்கிப் பேசறவரைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்கப்பா, ரெண்டாவது கேள்வி!" என்றான். அவன் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருக்கிறானாம். படத்தை நிறுத்தினேன். அந்தப் பையனைப் பற்றி அன்றிரவு வெகுநேரம் பேசினோம், தமிழில்.

பூட்டுப் போட்டால் நம் வீட்டில் இருக்கும்வரை பிள்ளை பார்க்கமாட்டான். அளவுகோலைக் கையில் கொடுத்தால் விடுதிக்குப் போனாலும் அது கூடவே போகும்.

குடும்பமாகக் கலந்து பேச

* இந்த வாரம் நாம் பார்த்தவற்றில் பிலிப்பியர் 4:8இன் அளவுக்கு நின்றது எது?

* பிள்ளைகளுக்குத் தடுத்துவிட்டு, பெரியவர்கள் பார்ப்பது எது? ஏன்?

* அடுத்த சனிக்கிழமை சேர்ந்து பார்க்கத் தகுந்த தமிழ்ப் படம் எது? பிள்ளைகளே தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்லட்டும்.