அலர்ஜி முடியில் இல்லை

“யார்க்‌ஷயர் டெரியருக்கு முடி கொட்டாது, அதனால் வீட்டில் யாருக்கும் அலர்ஜி வராது.” குட்டி விற்பவர் இதைச் சொல்கிறார், வாங்கியவர் பக்கத்து வீட்டில் சொல்கிறார், கடைசியில், வீசிங் உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கே இந்த நாயைத் தேடிப்பிடித்துப் பரிந்துரைக்கிறார்கள். முன்பாதி ஏறக்குறைய சரி. பின்பாதி முழுத் தவறு. யார்க்‌ஷயரின் முடி நம் தலைமுடியைப் போல விடாமல் நீண்டு வளர்வது. லாப்ரடாருடையதைப் போலக் கொத்துக் கொத்தாக உதிர்வதில்லை. சோபாவில் ஒட்டாது, பெருக்கும் வேலை குறையும். அவ்வளவுதான் அதன் பயன். வீடு பெருக்குகிறவருக்குக் கிடைக்கும் வசதியை நுரையீரலுக்கான உத்தரவாதமாக்கி விற்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. முதலில் மூச்சுத் திணறுவது குழந்தை; பிறகு வீட்டை விட்டு அனுப்பப்படுவது நாய்.

அலர்ஜியைக் கிளப்புவது முடி அல்ல, சில புரதங்கள். அவற்றில் முக்கியமானதற்கு கேன் எஃப் 1 என்று பெயர். அது நாயின் எச்சிலில் இருக்கிறது; தோலிலிருந்து உதிரும் நுண்செதில்களிலும் இருக்கிறது. தன்னை நக்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் நாய் அதை உடம்பெங்கும் பூசிக்கொள்கிறது. முடி வெறும் வாகனம். எச்சில் ஊறாத நாயும் தோல் உதிராத நாயும் எந்த இனத்திலும் கிடையாது. இது ஊகமில்லை, அளந்து பார்த்த விஷயம். டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள், ஒரே ஒரு நாய் இருந்த 173 வீடுகளில் கைக்குழந்தை தூங்கும் அறையின் தூசியைச் சேகரித்துச் சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ‘அலர்ஜி தராத’ இனம் வளர்த்த வீடுகளிலும் மற்ற வீடுகளிலும் இந்தப் புரதத்தின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடுத்த ஆண்டு வெளியான நெதர்லாந்து ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பூடில், லாப்ரடூடில், ஏர்டேல் டெரியர் போன்ற ‘பாதுகாப்பான’ நாய்களின் முடியில் மற்ற நாய்களைவிட இந்தப் புரதம் அதிகமாகவே இருந்தது. டெரியர் என்ற பெயர் யாரையும் காப்பாற்றவில்லை.

இங்கே ஒரு மறுப்பு தவறாமல் வரும்: “எங்களுக்குத் தெரிந்த வீட்டில் இதே நாய்தான், பையன் ஒரு தும்மல்கூடப் போடவில்லையே?” அது உண்மையாகவே இருக்கலாம். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு நாய்களுக்கிடையே புரத அளவு பெரிதும் வேறுபடும், மனிதர்களும் அப்படியே. கேன் எஃப் 5 என்று இன்னொரு புரதம் இருக்கிறது. அது ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உருவாகிறது. நாய் அலர்ஜி உள்ளவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை இது ஒன்றுக்கு மட்டுமே எதிர்வினை காட்டுகிறார்கள். அவர்களால் பெட்டை நாயோடு சிரமமில்லாமல் இருக்க முடியக்கூடும். ஆக, அந்த வீட்டுப் பையன் தும்மாததற்கு நாய் பெட்டையாக இருந்தது காரணமாகலாம், இனம் அல்ல. இரண்டாவது மறுப்பு படித்தவர்களிடமிருந்து வருகிறது: நாயோடு வளரும் குழந்தைக்கு ஆஸ்துமா குறைவாமே? 2015-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, முதல் வயதில் வீட்டில் நாய் இருந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வாய்ப்பு 13 சதவீதம் குறைவு என்று கண்டது உண்மைதான். அது பெருந்திரள் குழந்தைகளைப் பற்றிய கணக்கு. ஏற்கெனவே இழுப்பு வந்துவிட்ட குழந்தைக்கு நாயை மருந்தாகக் கொடுக்கச் சொல்லவில்லை.

அலர்ஜி இருக்கும் வீட்டில் நாய் வேண்டுமென்றால், முதலில் மருத்துவரிடம் தோல் அல்லது ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பிறகு, நீங்கள் வாங்க நினைக்கும் அதே நாயோடு குழந்தையைப் பல நாள், பல மணி நேரம் இருக்க வையுங்கள். அதன் அண்ணன் தம்பியோடு பழகிப் பார்த்தது கணக்கில் வராது. நாய் வந்த பிறகு படுக்கையறை அதற்கு இல்லை. குளிப்பாட்டினால் புரதம் குறையும், ஆனால் சில நாளில் பழைய அளவுக்கே திரும்பிவிடும். நாயை அனுப்பிய பிறகும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் மாதக்கணக்கில் தங்கியிருக்கும்.

யார்க்‌ஷயர் டெரியரைப் பற்றிய மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. சின்ன நாய்க்கு வாக்கிங் வேண்டாம் என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் யார்க்‌ஷயரின் ஆலைகளில் எலி பிடித்த நாயின் வாரிசு அது, ஹாலுக்குள் அடைத்தால் குரைத்தே தீர்க்கும். நடத்தும்போது கழுத்தில் பெல்ட் வேண்டாம், மார்பைச் சுற்றும் ஹார்னஸ் போடுங்கள். இந்த இனத்துக்கு மூச்சுக்குழல் எளிதில் தளர்ந்து சுருங்கும். ‘டீகப்’ என்று ஓர் இனமே கிடையாது, அளவுக்கு மீறிச் சிறுத்த குட்டிக்கு வைத்த விற்பனைப் பெயர் அது. வீட்டை விட்டு இறங்காத நாய்க்கு ரேபீஸ் ஊசி எதற்கு என்று கேட்பவர்களிடம் மட்டும் பொறுமையாகப் பேச எனக்கு விருப்பமில்லை. அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைக்காத நோய் அது. மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் தேதி தவறாமல் அடுத்தது.

எந்த இனமும் அலர்ஜியிலிருந்து காக்காது என்றான பிறகு, அந்தக் காரணத்துக்காக டெரியருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. டெரியரின் துறுதுறுப்புக்காகவே அதை விரும்புகிறவர்கள் வாங்கட்டும்; நீண்ட முடியைத் தினம் சீவி, உண்ணி பார்த்து, சிக்கெடுக்க நேரம் ஒதுக்கட்டும். மற்றவர்கள் ஒருமுறை காப்பகத்துக்குப் போய் நாட்டு நாய்களைப் பாருங்கள். குட்டை முடி, நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு. வளர்ந்த நாயாக இருந்தால் அதன் உருவமும் குணமும் முன்பே தெரிந்துவிடும். பரிசோதனை முடிவு இடம் கொடுத்தால் குழந்தையையும் கூட்டிப்போங்கள். அந்த நாய் கையை நக்கட்டும், மடியில் படுக்கட்டும். தும்மலோ தடிப்போ வருகிறதா என்று அன்றைக்கும் மறுநாளும் கவனித்துவிட்டு, அடுத்த வாரம் இன்னொரு முறை போய்வாருங்கள்.