எதிர்நாயகன் என்னும் வகைமை: எம்.என். நம்பியாரின் நடிப்புப் பயணத்தை முன்வைத்து

முன்னுரை

நடிகர் ஒருவர் ஒரே வகைப் பாத்திரத்தில் நெடுங்காலம் தோன்றும்போது, அதனை அவரது நடிப்பாற்றலின் எல்லையாகக் கொள்வது திரைப்பட மதிப்பீட்டில் பொதுவழக்காக உள்ளது. எம்.என். நம்பியார் (1919–2008) இதற்குச் சான்றாகக் காட்டத்தக்கவர். வகைமை என்பது நடிகரின் இயல்பன்று. நாயகனை மையமிட்ட கதைக் கட்டமைப்பு அவர்மேல் ஏற்றுவது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தொடக்ககாலப் பாத்திரங்கள்

நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் பயின்ற நம்பியார், 'பக்த ராமதாஸ்' (1935) வழியாகத் திரைக்கு வந்தார். எம்.ஜி.ஆர். நாயகனாக அறிமுகமான 'ராஜகுமாரி'யில் (1947) இவர் ஏற்றது நகைச்சுவைப் பாத்திரம். அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி'யில் (1949) பணிப்பெண்ணைக் காதலிக்கும் செல்வர் மகனாக வந்தார். 'திகம்பர சாமியார்' (1950) படத்தில் பல மாறுவேடங்கள் புனையும் தலைமைப் பாத்திரம். அதே ஆண்டில் 'மந்திரி குமாரி'யில் வஞ்சக ராஜகுரு. எனவே 1950 வரை இவரிடம் பன்மையே காணப்படுகிறது, ஒருமை காணப்படவில்லை.

வெகுளியின் நிலைக்களன்

உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகிய நான்கையும் வெகுளி பிறக்கும் களங்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. இவை பிறர் செய்யும் தீங்குகள். வெகுளியோ அவற்றுக்கு ஆளானவரிடம் தோன்றுவது. அறத்தின் உருவாகக் காட்டப்படும் நாயகன் காரணமின்றிக் கை ஓங்க இயலாது. அவனது சினத்தை அறமாக்க, முன்னரே தீங்கிழைப்பவன் ஒருவன் தேவைப்படுகிறான்.

'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) இதற்குத் தெளிவான சான்று. நம்பியார் ஏற்ற கஜேந்திரன், மைத்துனன் ராமுவின் சொத்தைத் தன் பிடியில் வைத்துச் சவுக்கால் அடித்து ஒடுக்குகிறான். குடிகோளும் அலையும் இங்கு ஒருங்கே அமைகின்றன. அதே சவுக்கை உருவொத்த இளங்கோ கையிலெடுக்கும்போது, அடித்தல் என்னும் செயல் மாறவில்லை. அதன் அறமதிப்பே மாறுகிறது. அம்மாற்றத்துக்கான அடித்தளத்தை இட்டவர் நம்பியார். நாயகனின் பிம்பம் படந்தோறும் மீள உறுதிப்பட வேண்டியிருந்ததால், எதிர்முகமும் மாறாதிருக்க வேண்டியதாயிற்று. உள்ளங்கைகளைப் பிசைதல், ஓரப்பார்வை ஆகிய உடற்குறிகள் அறிமுகக் காட்சியின்றியே பாத்திரத்தின் இயல்பை உணர்த்தின.

வகைமையின் தலைகீழாக்கம்

கே. பாக்யராஜின் 'தூறல் நின்னு போச்சு' (1982) படத்தில் நம்பியார் நாயகனுக்குத் துணைநிற்கும் மல்யுத்த ஆசானாக வருகிறார். பார்வையாளரின் பழைய நினைவே இப்பாத்திரத்தின் சுவைக்கு அடிப்படை. நாயகனைச் சார்ந்த தேவை நீங்கியதும், தொடக்ககால நகைச்சுவைத் திறன் மீண்டும் வெளிப்படுகிறது.

முடிவுரை

நம்பியாரின் வகைமை ஆற்றற்குறையால் விளைந்ததன்று. நாயகனின் வெகுளியை நியாயப்படுத்தும் பணியை அவர் ஏற்றதால் விளைந்தது. எனவே நாயக பிம்பத்தை ஆராய்வோர், அதனைத் தாங்கிய துணைநடிகர்களின் பங்களிப்பையும் இணைத்தே மதிப்பிடல் வேண்டும்.