ரத்தம் நின்ற பிறகு

திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருப்பவருக்கு ஞாயிறு மதியம் தனி வியாபாரம் உண்டு. பிரியாணி சாப்பிட்ட கையோடு வந்து, "அண்ணே, ஒரு கேஸ் மாத்திரை" என்பார்கள். பான்டோப்ரசோலைக் கிழித்துக் கொடுப்பேன். அவர்களைப் பற்றிக் கவலையில்லை. அல்சரில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியவரும் அதே மாத்திரையை நெஞ்சு எரிந்தால் மட்டும் போடுகிறாரே, அவரைப் பற்றித்தான்.

அமிலத்தில் ரத்தம் சரியாக உறையாது, உறைந்ததும் கரைந்துபோகும். அமிலத்தை அடக்கினால்தான் புண்ணின் மேல் உறைந்த ரத்தம் நிலைக்கும். 1997இல் வெளியான ஸ்ரீநகர் ஆய்வு ஒன்றில், ரத்தம் கசிந்த 220 பேரில் பாதிப் பேருக்கு, பான்டோப்ரசோலைப் போலவே அமிலத்தை அடக்கும் ஒமிப்ரசோல் 40 மில்லிகிராம் 12 மணிக்கு ஒருமுறை, 5 நாள் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 36 பேருக்கு ரத்தம் நிற்கவில்லை அல்லது மறுபடி கசிந்தது. மருந்து போட்டவர்களில் 11 பேருக்குத்தான். இத்தனைக்கும் ஊசிகூட இல்லை, வாயில் போட்ட மாத்திரை.

வீட்டுக்கு வந்தபின் எரிச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டர் எழுதிய வாரங்கள் முழுக்கப் போட வேண்டும். முதல் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், உடைக்காமல், பொடிக்காமல். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ராத்திரி மூட்டை தூக்குபவருக்குக் காலை எட்டு மணிக் கணக்கு உதவாது. அவர் எப்போது முதலில் சாப்பிடுகிறாரோ அதற்கு முன்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் கெடுத்துவிடுவது வலி மாத்திரை. சீட்டோடு வரும் பெரியவரிடம் நான் முதலில் கேட்பது, "முட்டிவலிக்கு என்ன போடுறீங்க ஐயா?"

"அது சும்மா செட் மாத்திரை தம்பி, பொட்டிக்கடையில வாங்குனது."

அந்த 'சும்மா'வுக்குள் பெரும்பாலும் டைக்ளோபினாக் இருக்கும், சிலசமயம் ஸ்டீராய்டும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்கு நாசம். உறையில் பெயரே இல்லாத மாத்திரையை விற்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இருதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர் மட்டும் பயந்துபோய்த் தானாக நிறுத்தக் கூடாது. 2010இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், ஆஸ்பிரினை நிறுத்தியவர்களில்தான் சாவு அதிகம். எப்போது மறுபடி தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்குச் சோதனை செய்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள். கிருமி வயிற்றில் இருக்கும்வரை, மாத்திரையை நிறுத்தினால் புண் திரும்பி வரும். அமில மாத்திரை போட்டுக்கொண்டே சோதித்தால், கிருமி இருந்தும் இல்லையென்று காட்டலாம். அதனால் சில சோதனைகளுக்கு 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் கசிந்தவர் அதை டாக்டர் சொன்னால் மட்டும் செய்ய வேண்டும்.

மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுத்து, நாற்றமடித்தால், தலையும் சுற்றினால், கடைக்கு வராதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையிலும் கறுப்பாகப் போகும், ஆனால் தார்போல ஒட்டாது. சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.