ஆஸ்துமா உள்ளவரும் குதிரையேற்றமும்

கேள்வி: ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர் குதிரையேற்றப் பயிற்சியைத் தொடரலாமா?

பதில்: நோய் கட்டுக்குள் இருந்தால், மருத்துவரின் கண்காணிப்பில் பலரும் தொடரலாம், ஆனால் மூச்சிரைப்பைத் தூண்டுவது எது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். குதிரையின் உமிழ்நீரிலும் தோற்செதில்களிலும் காணப்படும் ‘ஈக்யூ சி 1’ என்னும் புரதமே குதிரை ஒவ்வாமையின் முதன்மைக் காரணி எனினும், லாயத்தின் உலர்புல் தூசியும் அதில் வளரும் பூஞ்சையின் நுண்வித்துகளும் அதே தொல்லையைத் தரக்கூடும். ஒவ்வாமைப் பொருளின் துளியைத் தோலில் இட்டு, மெல்லக் குத்தி, தடிப்பு எழுகிறதா எனப் பார்க்கும் தோல் குத்துச் சோதனை, இவற்றை வேறுபடுத்தி அறிய உதவும்.

தூசியே காரணமெனில், உலர்புல்லை நீரில் நனைத்துத் தீவனமாகத் தருவதும், லாயத்தைக் கூட்டும் நேரத்தில் விலகியிருப்பதும் பயன் தரும்; நனைத்த புல், ஆஸ்துமாவுக்கு ஆளாகக்கூடிய குதிரைக்கும் நல்லது. குதிரையே காரணமெனில், அதன் உடலைத் தேய்த்துவிடும் வேலையைப் பிறரிடம் விடுவதும், சவாரி உடைகளை வீட்டுக்குள் கொண்டுவராமல் மாற்றிக்கொள்வதும் தேவை.

மூச்சுக்குழாய் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை மருத்துவர் சொன்னபடி தவறாமல் பயன்படுத்துவதோடு, உடனடி நிவாரண இன்ஹேலரையும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். போட்டியாளர்களுக்கு, நிவாரண இன்ஹேலர்களில் பொதுவாக உள்ள சால்பியூட்டமால் மருந்தை உள்ளிழுக்கும் அளவு 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமையும், அதில் எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமையும் தாண்டக்கூடாது என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதி. முகவீக்கமோ, இன்ஹேலருக்கு அடங்காத மூச்சுத்திணறலோ ஏற்பட்டால், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்வதே முறை.