வீங்கிய காலை நீவாதீர்கள்

பக்கவாதம் எப்படி வருகிறது? மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடும். அல்லது வெடித்து ரத்தம் கசியும். உடனே ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிடும். வாய் கோணும். பேச்சு குழறும்.

நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கிறோம். உயிர் பிழைக்கிறார். "கண்டம் தாண்டியது" என்று நிம்மதி அடைகிறோம். ஆனால் இன்னோர் ஆபத்து மீதம் இருக்கிறது. அது அவருடைய காலில் இருக்கிறது.

காலில் ரத்தம் ஏன் உறைகிறது?

இதயம் ரத்தத்தைப் பாதம் வரை அனுப்புகிறது. அந்த ரத்தம் மேலே திரும்ப வேண்டும். அதற்குக் கெண்டைக்கால் சதை உதவுகிறது. நாம் நடக்கும்போது அந்தச் சதை இறுகும், தளரும். இறுகும்போது உள்ளே உள்ள ரத்தக்குழாயை அமுக்கும். ரத்தம் மேலே ஏறும்.

கால் விழுந்துவிட்டால் இந்த வேலை நடக்காது. ஓடும் வாய்க்காலில் வண்டல் தங்காது. நீர் தேங்கினால் தங்கும். அதுபோலத்தான் ரத்தமும். தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சு முட்டும். உயிரும் போகலாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

• காலை அசைக்கவே முடியாதவர்கள்
• படுத்த படுக்கையாக இருப்பவர்கள்
• வயது முதிர்ந்தவர்கள்
• உடலில் நீர் வற்றியவர்கள்
• உடல் பருமன் உள்ளவர்கள்
• புற்றுநோய் உள்ளவர்கள்
• முன்பே ஒருமுறை காலில் ரத்தம் உறைந்தவர்கள்

முதல் சில வாரங்களில் ஆபத்து மிக அதிகம். விழுந்த காலில்தான் பெரும்பாலும் கட்டி உண்டாகும்.

ஓர் உரையாடல்

ஒரு மருமகள் சுகாதார நிலையத்துக்கு வருகிறாள்.

"சிஸ்டர், மாமாவுக்குப் பக்கவாதம் வந்து பத்து நாள் ஆகிறது. இன்று கால் வீங்கியிருக்கிறது. எண்ணெய் போட்டு நீவி விடலாமா?"

"வேண்டாம்மா! நீவவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் பிய்ந்து போய்விடும். ஒத்தடமும் வேண்டாம்."

"மாமா வலி என்று சொல்லவே இல்லையே?"

"அந்தக் கால் மரத்துப் போயிருக்கும். வலி தெரியாது. பேச்சு போனவர் வலியை எப்படிச் சொல்வார்? நாம்தான் பார்க்க வேண்டும். இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்."

நாம் என்ன செய்யலாம்?

தினமும் இரண்டு கால்களையும் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா? சூடாக இருக்கிறதா? நிறம் மாறியிருக்கிறதா?

தையல் டேப்பால் இரண்டு கெண்டைக்கால்களையும் அளக்கலாம். தினமும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது முக்கியமான அடையாளம். அதற்குக் குறைவாக இருந்தாலும், வீக்கம் புதிது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவர் அனுமதித்ததும் நோயாளியை உட்கார வையுங்கள், நடக்கப் பழக்குங்கள். தண்ணீர் தேவைதான். ஆனால் சிலருக்கு விழுங்க வராது, புரை ஏறும். மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்டு. அதை நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. மூளையில் ரத்தம் கசிந்தவருக்கு அது கெடுதலாகலாம்.

சில மருத்துவமனைகளில் காலில் காற்றுப்பை மாட்டுவார்கள். அது விட்டுவிட்டு உப்பிக் காலை மெதுவாக அமுக்கும். பிரிட்டனில் நடமாட முடியாத பக்கவாத நோயாளிகள் 2,876 பேரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2013-இல் வெளிவந்தது. பை மாட்டாதவர்களில் 100-க்கு 12 பேருக்குக் காலில் ரத்தம் உறைந்தது. மாட்டியவர்களில் 100-க்கு 8 அல்லது 9 பேருக்குத்தான் உறைந்தது. இறுக்கமான நீளக் காலுறை இப்படி உதவவில்லை என்று 2009-இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. அதனால் சிலருக்குத் தோலும் புண்ணானது.

உடனே ஓடுங்கள்!

திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், மயக்கம். இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்சுக்கு 108 அல்லது 112-ஐ அழையுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. கெண்டைக்கால் சதை என்ன வேலை செய்கிறது?
2. வீங்கிய காலை ஏன் நீவக் கூடாது?
3. வலி இல்லை என்றாலும் காலை ஏன் பார்க்க வேண்டும்?

செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் பக்கவாதம் வந்தவர் இருக்கிறாரா? அவர் வீட்டாருக்கு இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள்.