எதிர்ப்பொருளின் வாலும் ஒரு பாம்புக் கேள்வியும்

பன்னிரண்டாம் வகுப்பு நோய்த்தடைக்காப்புப் பாடத்தில் எதிர்ப்பொருளின் ‘Y’ வடிவத்தை மாணவர்கள் அழகாக வரைந்துவிடுகிறார்கள். இரண்டு கைகளும் ஒரு வாலும் எதற்கு என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் இதை விளக்க நான் வடநெம்மேலியிலிருந்து தொடங்குகிறேன். மாமல்லபுரம் சாலையில் முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சு அங்கே எடுக்கப்படுகிறது. அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தே விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். வகுப்பில் இருளர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் நஞ்செடுக்கும் முறையை அவர்களே சொல்லட்டும். நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

“குதிரைக்குப் பதில் கோழி ஆகாதா, சார்?” என்றாள் ஒரு மாணவி. ஆகும். கோழி தன் குஞ்சுக்காக எதிர்ப்பொருளை முட்டையின் மஞ்சள் கருவில் சேர்த்து வைக்கிறது. ஊசி குத்தி இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. ஆய்வுகளும் நடந்துள்ளன. ஆனால் இன்று நம் அரசு மருத்துவமனைகளில் கிடைப்பது குதிரை மருந்துதான். பாம்பு கடித்தவரைத் தாமதிக்காமல் அங்கே கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவள் கேள்வியிலிருந்தே வாலுக்கு வரலாம். எதிர்ப்பொருள் மட்டும் சிவப்பணுவை உடைப்பதில்லை. 1898-இல் ஜூல்ஸ் போர்டே இதைக் காட்டினார். சிவப்பணுவை உடைக்கும் சீரத்தை 56 டிகிரிக்குச் சூடாக்கினால் அது உடைக்காது. சூடாக்காத சாதாரண சீரம் சிறிது சேர்த்தால் மீண்டும் உடைக்கும். சூட்டில் கெட்டது எதிர்ப்பொருள் அல்ல, உடனிருந்த நிரப்புப் புரதங்கள். எதிர்ப்பொருளின் கைகள் அணுவைப் பிடிக்கின்றன. வாலில் முதல் நிரப்புப் புரதம் ஒட்டுகிறது. அது அடுத்ததைத் தூண்ட, தொடரின் முடிவில் அணுச்சவ்வில் வளையம் போல் துளை விழுகிறது. நீர் உள்ளே புகுந்து அணு வெடிக்கிறது.

கரும்பலகையில் இரண்டு குழாய்கள் வரைகிறேன். இரண்டிலும் ஆட்டின் சிவப்பணு, அதற்கு எதிரான கோழி எதிர்ப்பொருள். ஒன்றில் கினிப்பன்றியின் புதிய சீரம், மற்றதில் கோழியின் புதிய சீரம். எதில் அணு உடையும்? கோழிச் சீரம் உள்ளதில். கோழி எதிர்ப்பொருளின் வால் பாலூட்டியின் நிரப்புப் புரதத்துக்குப் பொருந்துவதில்லை. (வரைபடமே போதும், பள்ளியில் இரத்தத்தை வைத்துச் செய்து பார்க்க வேண்டாம்.)

நஞ்சை முறிக்க அணுவை உடைக்கத் தேவையில்லை, நஞ்சு மூலக்கூறைக் கைகள் இறுகப் பிடித்தாலே போதும். அதனால்தான் நம் நாட்டு மருந்துத் தயாரிப்பில் குதிரை எதிர்ப்பொருளின் வாலைப் பெப்சின் கொண்டு வெட்டிவிடுகிறார்கள். வால் தூண்டும் ஒவ்வாமை குறையும், முற்றிலும் போகாது. செரிமானப் பாடத்தில் படித்த அதே பெப்சின் என்றதும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். பிறகு தேர்வுத்தாளில் நான் வைக்கும் கேள்வி இது: வால் வெட்டிய எதிர்ப்பொருளை மேற்சொன்ன இரண்டு குழாய்களிலும் இட்டால் என்ன நடக்கும்?